மண்ணும் மட்கார்டும்: முத்துக்குளித்துறையில் ஒரு தகரத் துண்டின் வரலாறு

சைக்கிள் மேல் மனிதன் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். மனிதன் மேல் சைக்கிள் போவதைப் பார்த்திருக்கிறீர்களா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் பக்கத்து வண்டிப்பாதைகளில் ஒரு காலத்தில் இது தினசரிக் காட்சி. தார் போடாத பாதைகளில் இன்றும் காணலாம். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றிக் கேரியரில் செருகி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் நடந்து வருவார். டயரில் காற்று இருக்கும். செயின் அறுந்திருக்காது. பெடல் உடைந்திருக்காது. ஆனாலும் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. காரணம், சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் ஒரு தகரத் துண்டு. மட்கார்டு!

சேற்றிலிருந்து காப்பாற்றுவதற்காகவே பிறந்த பொருள் அது. சேறு வந்த நாளில் அதுவே வண்டியை நிறுத்திவிடுகிறது என்றால் வேடிக்கைதானே? ஆனால் மழைக்கு முன் விதைப்புக்குப் போக வேண்டிய விவசாயிக்கும், அரையாண்டுப் பரீட்சைக்குப் போக வேண்டிய மாணவனுக்கும் அது வேடிக்கை அல்ல. இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது, தூத்துக்குடிச் சீமையின் மண் அதை எப்படிப் பெரிதாக்கியது, அதற்கு என்ன தீர்வு கண்டார்கள் என்பதே இந்தக் கட்டுரை.

மட்கார்டு பிறந்த கதை

1870-களில் ஐரோப்பாவில் ஓடிய சைக்கிள்களுக்கு முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் சிறியது. ஓட்டுபவர் முன்சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பார். விழுந்தால் பல் போகும். 1885-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். பின்சக்கரத்தைச் செயின் இழுத்தது. இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் தாத்தா இதுதான். 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி வேகமாகவும் சொகுசாகவும் ஓடத் தொடங்கியது.

அதோடு புதிய தொல்லையும் வந்தது. ஓட்டுபவர் இப்போது தரைக்கு அருகில் வந்துவிட்டார். பின்சக்கரம் அள்ளும் சேறு முதுகில் கோடு போட்டது. முன்சக்கரம் அள்ளும் சேறு காலிலும் செயினிலும் அடித்தது. நல்ல துணி உடுத்தி அலுவலகம் போகிறவரும், நீண்ட பாவாடை அணிந்த பெண்களும் சைக்கிளில் ஏற வேண்டுமானால் சக்கரத்தை மூடியாக வேண்டும். ஆகவே சக்கரத்தோடு சேர்ந்து வளையும் மட்கார்டு, செயினை மூடும் கவர், பெண்களுக்கான வண்டியில் பின்சக்கரத்தின் இருபுறமும் வலை போன்ற துணித் தடுப்பு என ஒவ்வொன்றாக வந்தன. இவை எல்லாம் பூட்டிய கறுப்பு வண்டிக்கு 'ரோட்ஸ்டர்' என்று பெயர். ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் ஆகிய கம்பெனிகள் அதை லட்சக்கணக்கில் செய்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் சாலை பெரும்பாலும் ஜல்லி போட்டு இறுக்கியது. அங்கே மழை தூறிக்கொண்டே இருக்கும். ஆனால் சக்கரத்தில் ஒட்டுவது நீர்த்த சகதிதான். அது தெறிக்கும், வழியும், விழுந்துவிடும். அதற்கு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும். அந்த ஒரு விரல் கணக்கு, வண்டியோடு சேர்ந்தே கப்பலேறியது.

கறுப்பு வண்டி வந்து சேர்ந்த சீமை

தூத்துக்குடி என்றதும் முத்து ஞாபகம் வரும். முத்துக்குளித்துறை என்றே இந்தக் கடற்கரைக்குப் பெயர். 1961-ல் முடிந்த முத்துக்குளிப்புகளுக்குப் பிறகு அந்தத் தொழில் பெரிய அளவில் நடக்கவில்லை. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் துறைமுகத்தைத் தூக்கி நிறுத்தியது முத்தைவிடப் பருத்திதான். உள்நாட்டுக் கரிசல் காட்டில் விளைந்த பருத்தி, லங்காஷயர் சந்தையில் 'டின்னவெல்லி' என்ற பெயரிலேயே விற்றது. திருநெல்வேலியைத்தான் அப்படிச் சொன்னார்கள். தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-ல்தான்.

1876-ல் ரயில் பாதை தூத்துக்குடிக்கு வந்தது. 1888-ல் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் தொடங்கியது. 1906-ல் ஓட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து காட்டுக்கும் இருந்தது வெறும் மாட்டுவண்டிப் பாதை. சரளை போட்ட சாலைகள் சில. மற்றவை எல்லாம் மண் தடம்.

முதலில் சைக்கிள் வசதியானவர்களின் வண்டி. வக்கீல், மிராசுதார், பாதிரியார், அரசு உத்தியோகஸ்தர் போன்றோர்தான் இறக்குமதி வண்டி வாங்க முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1949-ல் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாரானது. 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. சைக்கிள் இறங்கி வந்து தபால்காரர், மில் தொழிலாளி, மீன் வியாபாரி, உப்பளத் தொழிலாளி, வாத்தியார் கைக்கு வந்தது.

வண்டி நம் நாட்டில் செய்தது. ஆனால் வடிவம் அதே இங்கிலாந்து ரோட்ஸ்டர். 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், கம்பி பிரேக், இரும்புத் தகட்டில் அழுத்தி எடுத்த முழு நீள மட்கார்டு. பின்மட்கார்டின் வால் பகுதியில் இருட்டில் தெரிவதற்காக அடித்த வெள்ளைப் பட்டையைக்கூட மாற்றவில்லை. அந்த ஒரு விரல் இடைவெளியையும் மாற்றவில்லை!

ஒரு மாவட்டம், மூன்று மண்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒருவர் சைக்கிளில் தெற்கிலிருந்து வடக்கே போனால் மூன்று வகைத் தரையைத் தாண்ட வேண்டும். மூன்றும் மட்கார்டை மூன்று விதமாகச் சோதிக்கின்றன.

முதலாவது தேரி. சாத்தான்குளம், குதிரைமொழி, உடன்குடி பக்கம் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகள். பனைமரமும் உடைமரமும் நிற்கும் இந்த மண் கையில் ஒட்டாது. அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். சக்கரம் புதையுமே தவிர மட்கார்டுக்குள் மணல் அடைக்காது. இங்கே மட்கார்டு செய்யும் உதவி வேறு. முன்சக்கரம் வாரி இறைக்கும் மணல் நேராகச் செயின் மேல் விழும். எண்ணெய் போட்ட செயினில் மணல் சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும். முன்மட்கார்டின் வால் நீளமாக இருந்தால் செயினின் ஆயுளும் நீளும்.

இரண்டாவது உப்பளம். வேம்பாரிலிருந்து தருவைகுளம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரை கடலோரமாக உப்புப் பாத்திகள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. உப்பள வரப்புகளில் சைக்கிளில் போய் வருபவர்களுக்குச் சேறு அடைப்பதைவிடப் பெரிய எதிரி துரு. மட்கார்டின் ஓரத்தைப் பலத்துக்காக உள்பக்கமாக உருட்டி மடித்திருப்பார்கள். அந்த மடிப்புக்குள் உப்புத் தண்ணீர் தங்கிவிடும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே இரும்பு தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் போல்ட் போட்ட ஓட்டையில் விரிசல் விட்டு, ஒருநாள் மட்கார்டு கடகடவென்று ஆடத் தொடங்கும்.

மூன்றாவது கரிசல். கதாநாயகனும் இவன்தான், வில்லனும் இவன்தான்!

கரிசல் ஏன் ஒட்டுகிறது?

கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் அதிகம். இதன் நுண்ணிய துகள்கள் தாள் அடுக்கியது போன்ற அமைப்பு கொண்டவை. தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு நடுவே புகுந்து மண்ணை ஊதச் செய்கிறது. வெயிலில் தண்ணீர் போனதும் மண் சுருங்குகிறது. கோடையில் கரிசல் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவது இதனால்தான். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இந்தக் குணத்தால்தான் ஆறு, கால்வாய் இல்லாத பூமியில் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைகின்றன. இந்த மானாவாரி விவசாயத்தை ஆராய 1901-லேயே கோவில்பட்டியில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

விவசாயிக்கு வரமான அதே குணம் சைக்கிளுக்குச் சாபம். கொட்டும் மழையில் கரிசல் வழுக்கும். அப்போதுகூட ஒருவாறு ஓட்டிவிடலாம். மழை நின்று மண் பாதி உலர்ந்து, பிசைந்த மாவு பதத்தில் இருக்கும்போதுதான் ஆபத்து. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் டயரில் ஒரு அடுக்கு ஒட்டும். அடுத்த சுற்றில் மண் மேல் மண் ஒட்டும். வழியில் கிடக்கும் பருத்திமார்த் துண்டும் சோளத்தட்டையும் சேர்ந்துகொள்ளும். களிமண்ணில் வைக்கோலைக் கலந்து சுவர் வைப்பது போலத்தான். பத்துப் பதினைந்து அடி போவதற்குள் டயர் இரு மடங்கு பருமனாகிவிடும். ஒரு விரல் இடைவெளி என்ன செய்யும்? மண் மட்கார்டுக்குள் நுழையும், வெளியே வராது. சக்கரம் நின்றுவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், வடகிழக்குப் பருவமழைதான் இந்தச் சீமைக்கு முக்கியமான மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை. விதைப்பு, களையெடுப்பு, தீபாவளிச் சந்தை, அரையாண்டுப் பரீட்சை எல்லாம் இந்த மூன்று மாதத்தில்தான். சைக்கிள் எப்போது மிகவும் தேவையோ, அப்போதுதான் அது தோளில் ஏறிக்கொள்கிறது.

மொன்டானாவிலும் இதே கதை

இது கரிசல்காட்டுக்காரர்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 1897-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சோதனை செய்தது. குதிரைக்குப் பதிலாகச் சைக்கிளைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்க, 25-வது காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பினச் சிப்பாய்கள் லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில் மொன்டானா மாநிலத்தின் மிசோலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரம் வரை ஓட்டிச் சென்றார்கள். சுமார் 1,900 மைல். ஜூன் 14-ல் புறப்பட்டு ஜூலை 24-ல் போய்ச் சேர்ந்தார்கள்.

மலை, பனி, வெயில், கெட்ட தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டிய அவர்களைப் பாடாய்ப் படுத்தியது 'கம்போ' என்று அங்கே அழைக்கப்படும் ஒட்டும் களிமண். மழை பெய்ததும் சக்கரம் சுற்றவில்லை. சுரண்டி எடுப்பதும் சில அடி போவதும் மறுபடி சுரண்டுவதுமாக நொந்துபோய், கடைசியில் ரயில் தண்டவாளத்தின் கட்டைகள் மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். கரிசல்காட்டுச் சம்சாரி பாதையை விட்டுப் புல் முளைத்த ஓரத்தில் தள்ளிக்கொண்டு போவதும் இதே தந்திரம்தான். மண்ணை எதிர்க்க முடியாதபோது மண் இல்லாத இடத்தைத் தேடுவது!

கழற்றுவதா, தூக்கி மாட்டுவதா?

கரடுமுரடான பாதைக்கு மட்கார்டு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு உலகத்தில் இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதல் பதில்: கழற்றி எறி! 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுன்ட்டி இளைஞர்கள் பழைய ஷ்வின் வண்டிகளை வாங்கி, மட்கார்டையும் தேவையில்லாத மற்ற பாகங்களையும் கழற்றிவிட்டு மலைச்சரிவுகளில் ஓட்டினார்கள். 1976-ல் 'ரீபேக்' என்ற பந்தயம் தொடங்கியது. அந்த விளையாட்டிலிருந்துதான் மவுன்டன் பைக் பிறந்தது. 1990-களில் நம் ஊர்ப் பையன்கள் ஆசைப்பட்ட தடித்த டயர் 'ரேஞ்சர்' வண்டிகள் அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள்.

இரண்டாவது பதில்: வைத்துக்கொள், ஆனால் சரியாக மாட்டு. 1955-ல் இங்கிலாந்தில் 'ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்' என்ற சங்கம் உருவானது. கற்பாதையிலும் மலைக் கணவாயிலும் சைக்கிளோடு அலைவதுதான் அவர்கள் பொழுதுபோக்கு. அவர்களில் பலர் சாதாரணப் பயண வண்டியில், மட்கார்டோடுதான் போனார்கள். மாலையில் விடுதிக்குப் போகும்போது முதுகெல்லாம் சேறாக இருக்கக் கூடாது அல்லவா?

தூத்துக்குடிச் சீமை இரண்டையும் செய்தது. மழை மாதங்களில் மட்கார்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுத் தை பிறந்ததும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கழற்றாமல், கேரியரில் ஒரு குச்சியைச் செருகி வைத்து, நின்று நின்று மண்ணைக் குத்தித் தள்ளுபவர்கள் உண்டு. ஆனால் வேலைக்குப் போகும் மனிதனுக்கு மட்கார்டு இல்லாத வண்டி பாதி வண்டிதான். மீன் கூடைக்கும், தபால் பைக்கும், வெள்ளை வேட்டிக்கும் சேறு ஆகாது. ஆகவே இரண்டாவது பதிலை நன்றாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சரியாக மாட்டுவது எப்படி?

மட்கார்டின் ரகசியம் தகரத்தில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. அந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள, மண் பயணம் செய்யும் வழியைப் பார்க்க வேண்டும்.

சக்கரம் முன்னோக்கி உருளும்போது, தரையைத் தொட்ட டயர் பின்பக்கமாக மேலே ஏறி, உச்சியைத் தாண்டி, முன்பக்கமாக இறங்குகிறது. ஆகவே மண் மட்கார்டுக்குள் நுழைவது அதன் பின்வாய் வழியாக. வெளியேறுவது முன்வாய் வழியாக. நுழையும் வாய் அகலமாகவும் போகும் வழி குறுகலாகவும் இருந்தால் என்ன ஆகும்? உள்ளே வந்த கல்லும் குச்சியும் மண்ணும் நடுவழியில் ஆப்பு அடித்தது போல இறுகும். ரோட்ஸ்டரில் அந்தக் குறுகலான இடங்கள் இரண்டு. முன்சக்கரத்தில், ஃபோர்க்கின் மேல் வளைவுக்குக் கீழே. பின்சக்கரத்தில், பெடல் அச்சுக்குப் பின்னால் மட்கார்டின் முன்முனையைத் திருகியிருக்கும் இடத்தில். கரிசலில் வண்டி நிற்பது இந்த இரண்டு இடத்தில்தான்.

இதிலிருந்து வழிமுறைகள் தாமாகவே கிடைக்கின்றன.

1. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி முதலில் சக்கரத்தில் பெண்டு எடுக்க வேண்டும். ரிம் இடமும் வலமும் ஆடினால் எந்த இடைவெளியும் பயன்படாது.

2. மட்கார்டு டயரைவிடக் குறைந்தது 1 செ.மீ. அகலமாக இருக்க வேண்டும். தார்ச் சாலைக்கு டயரின் உச்சியிலிருந்து 1 செ.மீ. உயரம் போதும். மண் பாதைக்கு ஒன்றரை முதல் 2 செ.மீ. வரை, அதாவது இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

3. பின்வாயில் உள்ள இடைவெளி, உள்ளே இருக்கும் எந்த இடத்தைவிடவும் பெரிதாக இருக்கக் கூடாது. வாசலில் நுழைய முடியாத குச்சி வீட்டுக்குள் வந்து சிக்காது!

4. ஃபோர்க்கின் கீழ் இடம் போதாவிட்டால், அந்த இடத்தில் மட்கார்டின் வளைவைத் தட்டித் தட்டையாக்கலாம். அதற்கும் மிஞ்சினால் மட்கார்டை அங்கே இரண்டாக வெட்டி, முன்துண்டும் பின்துண்டுமாகத் தனித்தனியே மாட்டலாம்.

5. நம் ஊர் வண்டியில் மட்கார்டுக் கம்பியின் வளையம் சக்கர அச்சிலேயே கோத்து, நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும்போது கம்பியும் கூடவே நகரும். ஆகவே செயின் வேலை பார்த்த ஒவ்வொரு முறையும் இடைவெளியைச் சுற்றிலும் பார்த்துவிட வேண்டும்.

6. மட்கார்டை இழுத்துப் பிடித்தோ முறுக்கியோ மாட்டக் கூடாது. கையை எடுத்தாலும் அது தன் இடத்தில் நிற்க வேண்டும். போல்ட் அதைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். வலுக்கட்டாயமாக மாட்டியது, கல்பாதையின் அதிர்ச்சியில் ஓட்டைப் பக்கம் வெடிக்கும். பழைய ட்யூப் துண்டை வாஷர் மாதிரி வெட்டி நடுவில் வைத்தால் அதிர்ச்சியும் குறையும், சத்தமும் குறையும். ஸ்பிரிங் வாஷர் போட்டால் நட்டு கழலாது.

7. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளை ரம்பத்தால் அறுத்து அரம் போட வேண்டும். விழுந்தால் காலைக் கிழிப்பது அதுதான்.

8. உப்புக் காற்று உள்ள ஊரில் உள்பக்கத்துக்கும் பெயிண்ட் அடித்து, உருட்டிய ஓரத்தில் எண்ணெய் விட வேண்டும். உப்பளத்திலிருந்து திரும்பினால் நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவ வேண்டும்.

9. முன்மட்கார்டின் வாலில் ரப்பர் தொங்கல் மாட்ட வேண்டும். பழைய ட்யூபே போதும். காலுக்கும் செயினுக்கும் பாதிப் பாதுகாப்பு அந்தத் துண்டு ரப்பரில் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. மூன்றாவது விதி வெறும் சேற்றுக்கானது அல்ல, உயிருக்கானது. உடைமரமும் சீமைக்கருவேலமும் நிறைந்த பாதையில் ஒரு சுள்ளி முன்சக்கரத்தில் சிக்கி மட்கார்டுக்குள் போனால், மட்கார்டு சுருண்டு சக்கரத்தைச் சட்டென்று நிறுத்தும். ஓட்டுபவர் ஹேண்டில் பாருக்கு மேலே பறப்பார். இதற்காகவே ஜெர்மனியில், அழுத்தம் அதிகமானால் முன்மட்கார்டுக் கம்பி தானே விடுபட்டுக்கொள்ளும் கிளிப் ஒன்றைச் செய்தார்கள். அது இல்லாத வண்டியில் வாசல் இடைவெளியைக் குறைத்து வைப்பதுதான் பாதுகாப்பு.

சீருடையும் சேறும்

ஒன்றரை செ.மீ. இடைவெளிக்கு இவ்வளவு பெரிய ஆராய்ச்சியா என்று கேட்கலாம். யார் ஓட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை ஒரு இயக்கமாகவே நடத்தினார். 2001-02-ல் தமிழக அரசு தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பைச் சேர்ந்த 11-ஆம் வகுப்பு மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06-ல் அது மற்ற வகுப்பு மாணவ மாணவியருக்கும் விரிந்தது. எட்டாம் வகுப்போடு, பத்தாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய பெண்கள் பலர் அடுத்த ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போனார்கள்.

கரிசல்காட்டுக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். சீருடை இரண்டு செட்தான். மட்கார்டைக் கழற்றினால் முதுகும் தாவணியும் சேறு. வகுப்பில் எல்லோரும் பார்ப்பார்கள். கழற்றாவிட்டால் நடுவழியில் வண்டி நிற்கும். தோளில் தூக்கி நடக்க அவளுக்கு முடியாது. கலிஃபோர்னியா பையன்களுக்குக் கிடைத்த 'கழற்றி எறி' என்ற பதில் அவளுக்கு உதவாது. அவர்கள் விளையாடப் போனார்கள். அவள் பரீட்சைக்குப் போகிறாள். இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டிய மட்கார்டு அவளுக்கு ஒரு நாள் படிப்பைக் காப்பாற்றித் தரும்.

இன்று

1980-ல் வந்த டி.வி.எஸ். 50 மெல்ல மெல்லச் சைக்கிளின் இடத்தைப் பிடித்தது. 2000-க்குப் பிறகு பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தால் பல ஊர்களுக்குத் தார் வந்தது. சாலை மாறினால் மட்கார்டுப் பிரச்சினை தானே தீர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஊருக்குத் தார் வந்தாலும் காட்டுக்குப் போகும் பாதையும் உப்பள வரப்பும் மண்ணாகவே இருக்கின்றன. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரையில் தார்ச் சாலைகளே அரித்துப் போயின. தார் போன இடத்தில் அடியில் இருந்தது பழைய மண்தான்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ரோட்ஸ்டரின் மட்கார்டு இங்கிலாந்துச் சாலையின் அளவிலேயே வந்துகொண்டிருக்கிறது. அதை நம் மண்ணுக்கு ஏற்றபடி மாற்றியது தொழிற்சாலை அல்ல. கேரியரில் குச்சி செருகிய சம்சாரியும், பழைய ட்யூபில் வாஷர் வெட்டிய சைக்கிள் கடைக்காரரும்தான். அவர்கள் பெயர் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த முறை சைக்கிள் கடைக்குப் போகும்போது, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் மழைக்காலத்துக்கு வண்டி தயார். நுழையாவிட்டால் ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும், ஐப்பசி வருவதற்குள் சரிசெய்துவிடலாம்!